நூற்பட்டியலை இணைப்புத் தரவாக மாற்றுவது: நூலகர்களின் கேள்விகளும் பதில்களும்

கல்லூரி நூலகர், மதுரை: எங்கள் நூலக மென்பொருளான கோஹாவில் எல்லாமே மார்க் 21 வடிவப் பதிவுகள். நன்றாகத்தான் ஓடுகிறது. எதற்கு சார் மாற்ற வேண்டும்?

நூல் விவரங்களைக் கணினி படிக்கும்படி புலம் புலமாகப் பதியும் வடிவமான மார்க், 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் தலைமையில் உருவானது. பட்டியல் அட்டையைக் கணினிக்குள் ஏற்றுவதே அன்றைய தேவை. அதனால் 100ஆம் புலத்தில் ஆசிரியர் பெயர் வெறும் எழுத்துகளாக நிற்கிறது. சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்று உங்களுக்குத் தெரியும். கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். இணைப்புத் தரவில் அந்த மனிதருக்கு நிலையான இணைய முகவரி ஒன்று இருக்கும். எத்தனை பெயர்களில் எழுதியிருந்தாலும் எல்லாம் அதன்கீழ் வந்துவிடும். பிற நூலகங்களும் அதே முகவரியைப் பயன்படுத்தினால் உங்கள் பட்டியலும் அவர்களுடையதும் தானே சேர்ந்துகொள்ளும். கோஹாவை விட வேண்டாம், அன்றாட வேலை அதிலேயே நடக்கட்டும்.

நூலக அறிவியல் மாணவி: நூற்பட்டியலை இணைப்புத் தரவாக எழுதும் வடிவமான பிப்ஃபிரேமில் ஒர்க், இன்ஸ்டன்ஸ், ஐட்டம் மூன்றும் குழப்புகின்றன.

திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளுவரின் ஆக்கம் ஒர்க். ஒரு பதிப்பகம் அச்சிட்ட பதிப்பு இன்ஸ்டன்ஸ். உங்கள் அலமாரியில் முத்திரை குத்தி எண் ஒட்டி நிற்கும் பிரதி ஐட்டம். ஜி. யு. போப்பின் 1886 ஆங்கில மொழிபெயர்ப்பு இன்னொரு ஒர்க். மூலத்தோடு 'இதன் மொழிபெயர்ப்பு' என்ற உறவால் இணையும். எஃப்ஆர்பிஆர் என்ற முந்தைய நூற்பட்டியல் கோட்பாட்டைப் படித்தவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அதில் எக்ஸ்பிரஷன் (மொழிபெயர்ப்பு போன்ற ஒரு வெளிப்பாடு) தனிப் படி, பிப்ஃபிரேமில் அது ஒர்க்குக்குள் அடங்கிவிடுகிறது.

கிளை நூலகர்: எந்த மென்பொருள்? எத்தனை நாள் ஆகும்?

மார்க்2பிப்ஃபிரேம்2 என்ற நிரலைக் காங்கிரஸ் நூலகமே கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கோஹாவிலிருந்து மார்க்கின் எக்ஸ்எம்எல் வடிவமான மார்க்எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்து அதில் கொடுத்தால் போதும். மாற்றம் சீக்கிரம் முடிந்துவிடும், நாள் பிடிப்பது அதற்கு முந்தைய துப்புரவுதான். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

நூலகத் தன்னார்வலர், யாழ்ப்பாணம்: எங்கள் பட்டியலில் பாதி ரோமன் எழுத்து, பாதி பாமினி எழுத்துரு. அப்படியே மாற்றலாமா?

தயவுசெய்து வேண்டாம். பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. முதலில் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் சிக்கல் உண்டு. 'ஒளவையார்' என்று ஒ, ள எனத் தட்டியவர்கள் ஏராளம். கணினிக்கு அது ஔவையார் ஆகாது. அதற்காக 'ஒள' வரும் இடத்தையெல்லாம் ஒரே அடியாக 'ஔ' ஆக்கினால் 'ஒளி' கெட்டுப்போகும். 'பெளத்தம்' திருத்தப்போய் 'தெளிவு', 'வெள்ளி' சிதைவதும் இப்படித்தான். ஆள் உட்கார்ந்து பார்த்தே தீர வேண்டும். கொம்பும் காலும் சேர்ந்த ஒகரம் ஒரே குறியாகவோ இரண்டாகவோ பதிவாகியிருக்கலாம். அதை என்எஃப்சி என்ற யூனிகோடு சீராக்க முறை ஒழுங்குசெய்துவிடும்.

ரோமன் பதிவுகளில் வேறு துயரம். மார்க்கின் பழைய எழுத்துக்குறி முறையான மார்க்-8இல் தமிழுக்கு இடமே இல்லாததால் தலைப்புகள் ரோமனில் போயின. மேற்குறி, கீழ்க்குறிகளோடு எழுதினால் தமிழை மீட்டுவிடலாம். குறிகள் உதிர்ந்துவிட்டால் வாள், வால், வாழ் மூன்றும் ஒன்றாகிவிடும். அந்தப் பதிவுகளுக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்து, தமிழ்த் தலைப்பை வேற்று எழுத்துக்கான 880ஆம் புலத்தில் சேர்த்து, $6 என்ற துணைப்புலம் மூலம் தலைப்புப் புலமான 245உடன் பிணையுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் தமிழில் தேடுகிறவருக்குப் புத்தகம் கிடைப்பது இதனால்தான்.

கோஹா பயன்படுத்தும் நண்பர்: ஆசிரியர் பெயர்களை விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கித்தரவோடு பொருத்துவது தானாக நடக்குமா?

தரவைத் துப்புரவு செய்யும் மென்பொருளான ஓப்பன்ரிஃபைன் பரிந்துரைக்கும், முடிவு உங்களுடையது. நம் பெயர்களில் முதலெழுத்து பெரும்பாலும் தந்தை பெயர் அல்லது ஊர்; ஒரே முதலெழுத்தும் பெயரும் கொண்ட இருவர் சர்வசாதாரணம். பிறந்த ஆண்டையும் எழுதிய நூல்களையும் பார்க்காமல் ஏற்காதீர்கள். தவறான இணைப்பு, இணைப்பே இல்லாததைவிட மோசம். மற்றவர்களும் அதை நம்பி எடுத்துக்கொள்வார்கள். உறுதியான முகவரியை 100ஆம் புலத்தின் $1 துணைப்புலத்தில் இடுங்கள். ஒரு பதிவை மாற்றிப் பார்த்து, முகவரி வந்துவிட்டதா என்று சோதித்த பிறகு மற்றவற்றைத் தொடுங்கள்.

ஆய்வு மாணவர்: முழுமையாக மாறிய நாடு உண்டா?

உண்டு. சுவீடனின் தேசிய நூலகம் லிப்ரிஸ் என்ற தன் கூட்டுப் பட்டியலை 2018இல் இணைப்புத் தரவுக்குக் கொண்டுபோனது. அங்கே பட்டியலாக்கமே அந்த வடிவில்தான் நடக்கிறது. நீங்கள் அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டாம். ஒரே ஒரு எழுத்தாளரின் நூல்கள், நூறு பதிவுகள், அதிலிருந்து தொடங்குங்கள்.