வெள்ளிக்கிழமை வந்தாலே சண்டை!

கேள்வி: நாங்கள் மஸ்கட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. கணவருக்குக் கட்டுமான நிறுவனத்தில் வேலை. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. அல் குவைரில் ஃபிளாட். வாரநாட்களில் அவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். எனக்கு வேலை இல்லை, கார் ஓட்டவும் தெரியாது. வெள்ளி, சனி எங்கேயாவது போகலாம் என்று நானும் பிள்ளைகளும் காத்துக்கொண்டிருப்போம். அவரோ வெள்ளி மத்தியானம் வரை தூங்கிவிட்டு, சாயங்காலம் ஹைப்பர்மார்க்கெட்டில் காய்கறி வாங்கி, அங்கேயே ஃபுட் கோர்ட்டில் சாப்பிட வைத்துக் கூட்டி வந்துவிடுவார். கேட்டால், "சம்பாதிக்க வந்தோமா, ஊர் சுற்ற வந்தோமா?" என்கிறார். தெரிந்த குடும்பங்கள் எல்லாம் வாடி என்கிற மலைக் காட்டாறு, பாலைவனம், ஆமை என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். மகனுக்கு டேப்லெட்டே கதி. நான் கேட்பது தப்பா? ஜனவரியில் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். அவர்களை எங்கே கூட்டிப்போவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மஸ்கட்

பதில்: நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை சகோதரி. அவர் தூங்குவதிலும் தப்பில்லை. வளைகுடாவில் கட்டுமான வேலை ஆளைச் சக்கையாகப் பிழிந்துவிடும். அவருக்கு வெள்ளிக்கிழமை என்பது யாரும் போன் போட்டு விரட்டாத நாள். உங்களுக்கோ ஐந்து நாள் அடைந்து கிடந்துவிட்டு வெளிக்காற்று படுகிற நாள். ஒரே நாளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள்.

இழுக்கத் தேவையே இல்லை, ஏனென்றால் கையில் இரண்டு நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமையை முழுசாக அவருக்கே விட்டுவிடுங்கள். தூங்கட்டும், எழுந்து சாப்பிடட்டும், சாயங்காலம் காய்கறி வாங்கப் போங்கள். அன்றைக்கு "எங்கேயாவது போகலாமா?" என்ற பேச்சே வேண்டாம். பதிலுக்குச் சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை உங்களுக்கும் பிள்ளைகளுக்கும். மத்தியானம் வீடு திரும்பியே ஆக வேண்டும். அங்கே ஞாயிற்றுக்கிழமை வேலைநாள், அதற்கு முன்னால் அவருக்கு இன்னொரு தூக்கம் கிடைத்தால் அடுத்த சனிக்கிழமை முணுமுணுக்காமல் கிளம்புவார். வெயிலுக்கும் இந்தக் கணக்குத்தான் சரி. மஸ்கட்டில் அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் வெளியே சுற்ற முடியும், அப்போதும் பத்து பத்தரைக்கு மேல் மண்டையைப் பிளக்கிற நாட்கள் உண்டு.

அடுத்தது பணம். ரியாலை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் வியாதி வெளிநாட்டுக்குப் போன எல்லாருக்கும் வரும். அவரை அவர் கணக்கிலேயே பிடியுங்கள். பெட்ரோல் லிட்டர் கால் ரியாலுக்கும் குறைவு. 160 கிலோமீட்டரில் இருக்கும் நிஸ்வாவுக்குப் போய்வர சாதாரண காருக்கு ஆறேழு ரியால் பெட்ரோல் ஆகும். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டால் வேறு செலவு கிடையாது. ஃபுட் கோர்ட்டில் நாலு பேர் சாப்பிட்டு, சின்னவள் பொம்மைக் கார் ஒன்றில் ஏறி இறங்கினால் என்ன பில் வருகிறது என்று அடுத்த முறை ரசீதை எடுத்து வையுங்கள். மாதத்துக்கு 20 ரியால் என்று ஒரு தொகையை அவரையே ஒதுக்கச் சொல்லுங்கள். அவர் எதற்காகச் சேமிக்கிறார், வீட்டுக் கடனா, தங்கை கல்யாணமா என்று நீங்கள் எழுதவில்லை. விசா வேலையோடு கட்டப்பட்டிருப்பதால் அந்தப் பயமும் அவருக்குள் இருக்கும். ஒருநாள் அதையும் உட்கார்ந்து கேளுங்கள், ஆனால் சண்டைக்கு நடுவில் கேட்காதீர்கள்.

எங்கே போவது? முதல் இரண்டு மூன்று வாரம் ஊரைத் தாண்டவே வேண்டாம். மத்ரா மீன் மார்க்கெட்டில் ஆரம்பியுங்கள். துறைமுகத்தை ஒட்டிக் கடற்கரைச் சாலையில் வளைந்து வளைந்து கூரை போட்ட புதுக் கட்டடம், 2017-ல் திறந்தது. என் அக்கா குடும்பம் பல வருடம் மஸ்கட்டின் ரூவி பகுதியில் இருந்ததால் எனக்கு அந்த ஊர் கொஞ்சம் பழக்கம். காலையில் போனால் ஆள் உயரத்துக்கு வஞ்சிரம், பளபளவென்று சூரை, கூடை கூடையாய் மத்தி. தலைப்பாகை கட்டிய ஓமானி வியாபாரி செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவார். வாங்கின மீனை அங்கேயே ஒரு பக்கம் சுத்தம் செய்து வெட்டித் தருவார்கள், கூலி தனி. மகனிடம் இரண்டு ரியாலைக் கொடுத்து, அவனையே பேரம் பேசி வாங்கச் சொல்லுங்கள். அங்கே டேப்லெட்டைக் கேட்கமாட்டான். திரும்பும்போது ஏதாவது டீக்கடை முன்னால் காரை நிறுத்தி ஹாரன் அடித்தால் கரக் என்கிற கெட்டிப் பால் டீ காருக்கே வரும். கல்லாவில் இருப்பவர் பெரும்பாலும் மலையாளி சேட்டன். பரோட்டாவுக்குள் சீஸைத் தடவி 'சிப்ஸ் ஓமன்' பாக்கெட்டை நொறுக்கிப் போட்டுச் சுருட்டித் தருவார். பிள்ளைகளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கொஞ்சம் பழகியதும் நக்கல் என்ற ஊருக்குப் போங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பேரீச்சந்தோப்புக்கு நடுவில் அல் தவாரா என்று ஒரு வெந்நீர் ஊற்று. பாறையிலிருந்து வெதுவெதுப்பாக வரும் தண்ணீர் வாய்க்காலாக ஓடும். நாலு வயதுக் குழந்தை பயமில்லாமல் காலை விட்டுக்கொண்டு உட்காரலாம், குட்டி மீன்கள் வந்து குதிகாலைக் கடிக்கும். விடுமுறை நாட்களில் ஓமானிக் குடும்பங்கள் பாய், பிளாஸ்க், பேரீச்சம்பழத் தட்டோடு வந்து உட்காருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் காஃவா என்கிற அரபுக் காபி கொடுக்காமல் விடமாட்டார்கள். வாங்கிக் குடியுங்கள். போதும் என்றால் குட்டிக் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பெண்களை மட்டும் கேட்காமல் போட்டோ எடுத்துவிடாதீர்கள். இன்னொரு சனிக்கிழமை குரியாத் பக்கம் வாடி தைக்கா அணைக்குப் போகலாம். மொட்டை மலைகளுக்கு நடுவில் அவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் கட்டுமானக்காரரான உங்கள் கணவர் கூட காரை விட்டு இறங்குவார்.

வாடிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஸ்டேட்டஸில் யாரும் இதைப் போடுவதில்லை. வருடத்தில் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும் காட்டாறுகள் அவை. மலையில் எங்கோ மழை பெய்தால், உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே தண்ணீர் சுவர் மாதிரி இறங்கி வரும். 2024 ஏப்ரலில் சமத் அல் ஷான் பகுதியில் பள்ளி வண்டி வெள்ளத்தில் சிக்கிப் பிள்ளைகள் இறந்தது அங்கே இருக்கும் எல்லாருக்கும் நினைவிருக்கும். வானிலை எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு வாடிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடினால், முன்னால் போன கார் கடந்துவிட்டது என்று நீங்களும் இறங்க வேண்டாம். ஓடும் வாடியைக் கடப்பது அங்கே குற்றம், அபராதமும் சிறையும் வரை போகும். வாடிக்குள் காரை நிறுத்தி நிழலில் சாப்பிடுவதும் கூடாது, மேடாகப் பார்த்து நிறுத்துங்கள். அவசர எண் 9999, பையனுக்கும் மனப்பாடமாகத் தெரியட்டும்.

எல்லாரும் போட்டோ போடும் வாடி ஷாப் உங்களுக்கு இப்போது வேண்டாம். படகில் ஆற்றைத் தாண்டி, முக்கால் மணி நேரம் பாறை மேல் நடந்து, கடைசிக் குகைக்கு நீந்திப் போக வேண்டிய இடம் அது. சின்னவளைத் தோளில் வைத்துக்கொண்டு யார் நடப்பது? வாடி பனி காலித் பரவாயில்லை, கார் நிறுத்தத்திலிருந்து சீக்கிரம் தண்ணீருக்குப் போய்விடலாம், அங்கேயே சாப்பாடும் உண்டு. ஆனால் போகவே 200 கிலோமீட்டர், அதனால் மூன்று நாள் லீவு சேர்ந்து வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சைக் குளம் அமைதியாகத் தெரியும், இரண்டடி தள்ளிப் போனால் ஆள் முழுகும். நீச்சல் தெரியாத பையனுக்கு லைஃப் ஜாக்கெட் போடாமல் இறக்காதீர்கள். பாலைவன மணலுக்குள் சாதாரண காரைக் கொண்டுபோவது பற்றி நினைக்கவே வேண்டாம். ஜெபல் அக்தர் மலைக்கும் ஃபோர் வீல் டிரைவ் இல்லாவிட்டால் அடிவாரத்தில் பிர்கத் அல் மௌஸிலேயே போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். அந்த ஸ்டேட்டஸ்காரர்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து பெரிய வண்டிகளில் போகிறவர்களாக இருப்பார்கள். அவர்களோடு பழகுங்கள், பொறாமைப்படுவதைவிட அது லாபம்.

இவ்வளவும் சனிக்கிழமைக் கதை. என்னைக் கேட்டால் உங்கள் உண்மையான பிரச்சினை ஞாயிறு முதல் வியாழன் வரை. அதற்குக் கணவர் ஒன்றும் செய்ய முடியாது, நீங்கள்தான் செய்ய வேண்டும். டிரைவிங் கற்றுக்கொள்ளுங்கள். குடும்ப விசாவில் இருக்கும் நம் பெண்கள் நிறையப் பேர் மஸ்கட்டில் ஓட்டுகிறார்கள், பெண் பயிற்சியாளர்களும் உண்டு. டிரம் டெஸ்ட், ஸ்லோப் டெஸ்ட், ரோடு டெஸ்ட் என்று மூன்றையும் தாண்ட வேண்டும். டிரம்களுக்கு நடுவே வண்டியை ரிவர்ஸில் விடுவதற்குள் உயிர் போய்விடும், ரோடு டெஸ்டில் முதல் தடவையே பாஸானவர்கள் குறைவு. செலவும் கூடத்தான். அவர் ரூபாயில் பெருக்கட்டும், பரவாயில்லை. இந்த ஒரு செலவுக்கு மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். லைசன்ஸ் வருகிற வரை சும்மா இருக்கவும் வேண்டாம். சுல்தான் காபூஸ் சாலையில் முவாசலாத் என்கிற அரசு பஸ் ஓடுகிறது, ரூவிக்கு நேராகப் போகலாம். உங்கள் அல் குவைரிலேயே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு கூடம் முழுக்கத் திமிங்கில எலும்புக்கூடு. நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு காலையில் சின்னவளைக் கூட்டிப் போங்கள். வார நடுவில் நீங்கள் ஒரு தரம் வெளியே போய்வந்தால், சனிக்கிழமை மேல் இவ்வளவு பாரம் ஏறாது.

மே முதல் செப்டம்பர் வரை இந்தத் திட்டத்தை மூட்டைகட்டி வைத்துவிடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு குரும் கடற்கரை, அவ்வளவுதான்.

சரி, மாமனார் மாமியார் விஷயம். ஜனவரி அருமையான மாதம், ராத்திரி ஸ்வெட்டர் கூடத் தேவைப்படும். அவர்கள் இருக்கும்போது ஒரே ஒரு வெள்ளிக்கிழமையை மட்டும் கணவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், நிஸ்வா ஆட்டுச் சந்தை வெள்ளி காலையில்தான் கூடும். ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும், அதனால் இருட்டோடு கிளம்புங்கள். வாங்குபவர்கள் வட்டமாக நிற்பார்கள், விற்பவர்கள் ஆட்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு விலையைக் கூவியபடி சுற்றிச் சுற்றி வருவார்கள். பிடித்திருந்தால் நிறுத்தி, பல்லைப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து விலை பேசுவார்கள். மாமனார் ஊரில் ஆடு மாடு வளர்த்தவர் என்றால் அவரை அங்கிருந்து கிளப்புவதே கஷ்டம். அப்புறம் பக்கத்தில் ஃபலஜ் தாரிஸ் வாய்க்கால். நிலத்தடித் தண்ணீரை மோட்டார் இல்லாமல் சரிவிலேயே தோப்புகளுக்குக் கொண்டுவரும் பழைய ஏற்பாடு. 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ஐந்து ஃபலஜ்களில் இதுவும் ஒன்று. நம் ஊர் ஆற்றுப்பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடுவது போலவே அங்கேயும் நேரம் பிரித்துத்தான் விடுகிறார்கள். அதை மாமனாருக்கு விளக்க வேண்டியதில்லை, அவரே உங்களுக்கு விளக்குவார்.

மாமியாருக்குப் பழைய மஸ்கட்டில் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் சிவன் கோயில். அப்படியே மத்ரா சூக் என்கிற பழைய கடைவீதி, ஆனால் வெள்ளி காலை மூடியிருக்கும், சாயங்காலம் போங்கள். உள்ளே ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும், முட்டிவலி இருந்தால் வாசல் பக்கக் கடைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். மஸ்கட்டின் சுல்தான் காபூஸ் பெரிய மசூதியை மற்ற மதத்தவர் சனி முதல் வியாழன் வரை காலை எட்டிலிருந்து பதினொன்று வரை பார்க்கலாம். தலையையும் கையையும் மூடுகிற மாதிரி துணி வேண்டும், சேலைக்கு மேல் ஒரு சால்வை போதும்.

ஆமை பார்க்க ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரைக்கு அவர்களை ஜனவரியில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முட்டையிட நிறைய ஆமைகள் வருவது மே முதல் செப்டம்பர் வரை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியதும் ஒரு ராத்திரிக்கு முன்பதிவு செய்யுங்கள். பிளாஷ் போட்டுப் படம் எடுக்க விடமாட்டார்கள் என்பதை மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.