மீன் நோய்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: விடியற்காலையில் குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. என்ன மருந்து போடலாம் சார்?

பதில்: மருந்து டப்பாவை அப்படியே வையுங்கள். இரவெல்லாம் மீனும் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சுவதால், பொழுது விடியும் நேரத்தில்தான் அது மிகவும் குறைந்திருக்கும். மதியம் அளந்துவிட்டு 'நல்லாத்தானே இருக்கு' என்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் காற்றூட்டியை ஓட்டுங்கள், அன்றைக்குத் தீனி வேண்டாம். பகலிலும் இதே நிலை என்றால் செவுளை நுண்ணோக்கியில் பாருங்கள்.

கேள்வி: தொட்டியில் 50,000 குஞ்சுகள். எத்தனையைச் சோதிப்பது?

பதில்: 60 போதும். நூற்றுக்கு ஐந்து மீனுக்கு நோய் இருந்தால், கலந்து எடுத்த 60-இல் ஒன்றாவது சிக்க 95% வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே சாவு விழுகிறதென்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஓரமாக ஒதுங்கி மந்தமாக நீந்துவதைப் பிடித்து உயிரோடு ஆய்வகத்துக்குக் கொண்டு போங்கள். செத்து நாறிய மீனை வைத்து அங்கே எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: சால்மன் முட்டையை அயோடினில் முக்கினால் நோய் போய்விடுமா?

பதில்: ஓட்டின் மேல் இருப்பது பெரும்பாலும் போய்விடும். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீரில் 100 பங்கு அயோடின்), 10 நிமிடம் என்பது வழக்கம். ஆனால் பாக்டீரியா சிறுநீரக நோய்க் கிருமி முட்டைக்குள்ளேயே உட்கார்ந்து வரும். அதற்குத் தாய் மீனைச் சோதித்து, தேறாததன் முட்டையை ஒதுக்க வேண்டும்.

கேள்வி: பொரிப்பகத்தில் (முட்டை பொரித்துக் குஞ்சு வளர்க்கும் இடத்தில்) வளர்ந்த மீனை ஆற்றில் விட்டால் ஆற்று மீனுக்கு என்ன கெடுதல்? இவை நன்றாகத்தானே இருக்கின்றன?

பதில்: நன்றாக இருப்பதுதான் வம்பு. நார்வேயில் 1970-களில் நடந்தது இதுதான். கைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்ற, அரை மில்லிமீட்டர் அளவே உள்ள ஒட்டுண்ணி, பால்டிக் பகுதிப் பொரிப்பகங்களிலிருந்து வந்த மீன்களோடு உள்ளே நுழைந்தது. பால்டிக் சால்மன் அதைத் தாங்கிக்கொள்ளும். நார்வே ஆற்றுச் சால்மனுக்கு அந்த எதிர்ப்பு இல்லை; குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அது முட்டையிடாமல் குட்டி போடும் ஜாதி, அதனால் ஒன்று புகுந்தாலே போதும். கடைசியில் பல ஆறுகளில் ரோட்டினோன் நஞ்சை ஊற்றி, இருந்த மீனையெல்லாம் கொன்றுதான் அதை ஒழித்தார்கள். அப்புறம் சேமித்து வைத்திருந்த வித்திலிருந்து திரும்ப வளர்த்தார்கள்.

கேள்வி: முட்டையில் பஞ்சு போலப் பூஞ்சை. பூஞ்சையைக் கொல்லும் மலாக்கைட் பச்சைச் சாயம் போடலாமா?

பதில்: சாப்பிடும் மீனுக்குப் பல நாடுகளில் தடை. செத்த முட்டைகளைத் தினமும் பொறுக்கி எடுங்கள், பூஞ்சை அவற்றில்தான் முதலில் பிடிக்கும்.

கேள்வி: ஒரே வலையை எல்லாத் தொட்டிக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. தொட்டிக்கு ஒன்று.