வீட்டுக்குள் வந்த சிப்பாய்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்காக இரண்டாம் உலகப் போர் பற்றிய படங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1945இல் எடுக்கப்பட்ட ஒரு படம் கண்ணில் பட்டது. ஒரு வீட்டின் அறைக்குள், பால்கனிக் கதவருகே, இளம் அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் இறந்து கிடக்கிறார். மரத்துண்டுகளைக் கோத்துப் பதித்த தரையில் இரத்தம் தேங்கியிருக்கிறது. மகன் "பாவம்மா" என்றான். எனக்கோ, "இந்தத் தரையை யார் கழுவியிருப்பார்கள்?" என்ற நினைப்புதான் முதலில் வந்தது. ஓர் உயிர் போய்க் கிடக்கும்போது தரையைப் பற்றி நினைத்தேனே என்று இரண்டு நாளாக மனம் உறுத்துகிறது. இது கல்நெஞ்சம்தானே?
– வாசகி, மதுரை

பதில்: இல்லை, அம்மா. வீட்டைப் பெருக்கித் துடைத்து வாழ்ந்தவர்களின் கண் முதலில் எங்கே போகுமோ, அங்கேதான் உங்கள் கண்ணும் போயிருக்கிறது. போர்க்களத்தில் ஒருவர் இறந்து கிடக்கும் படத்தைப் பார்க்க நாம் பழகிவிட்டோம். மண்ணும் புகையும் அந்தச் சாவை ஓரளவு எதிர்பார்க்கச் செய்துவிடுகின்றன. அதே சாவு ஒரு வீட்டின் வரவேற்பறையில் நிகழ்ந்திருக்கும்போது, அது நடந்திருக்கவே கூடாத இடத்தில் நடந்துவிட்டது என்பதை யாரும் சொல்லாமலேயே நம் மனம் உணர்ந்துகொள்கிறது. நீங்கள் தரையைப் பார்த்தது அந்த உணர்வினால்தான். மகன் பார்த்ததும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி. இருவரும் பார்த்ததைச் சேர்த்தால்தான் அந்தப் படம் முழுமையாகிறது.

படத்தின் கதையை மகனுக்கும் படித்துக் காட்டுங்கள். அதை எடுத்தவர் ராபர்ட் காப்பா. நாள் 1945 ஏப்ரல் 18. லைப்சிக் நகரத்துக்குள் அமெரிக்கப் படை நுழைந்துகொண்டிருந்தது. பாலத்தைக் கடந்து முன்னேறும் தங்கள் தோழர்களுக்குப் பாதுகாப்பாக, பாலத்தை நோக்கியிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்து வீட்டில் சிப்பாய்கள் ஏறி, பால்கனியில் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்தினார்கள். அந்தத் துப்பாக்கியில் இருந்தவர்களில் ஒருவர், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரைச் சேர்ந்த ரேமண்ட் பௌமன். வயது 21. மறைந்திருந்து சுட்ட ஜெர்மானிய வீரனின் குண்டு பட்டு, திறந்திருந்த கதவின் நிலைப்படிமேல் அறைப்பக்கமாக விழுந்தார். காப்பா அங்கேயே நின்று அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்தார். அவற்றை வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொரு படத்திலும் தரையில் இரத்தம் இன்னும் சற்றுப் பரவியிருப்பது தெரியும். அந்த வரிசையில் நேரத்தைக் காட்டுவது கடிகாரமன்று, தரைதான்.

"கடைசியாக இறந்த மனிதர்" என்ற பெயரில் இந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. உண்மையில் அவர் கடைசியாக இறந்தவர் அல்லர். ஐரோப்பாவில் போர் முடிய மே 8 ஆயிற்று. அந்த இருபது நாள்களுக்குள் பெர்லின் நகரச் சண்டையில் மட்டும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். ஆனாலும் அந்தப் பெயரில் ஒரு வலி இருக்கிறது. வீட்டுக்குத் திரும்ப இன்னும் சில நாள்களே இருந்த ஒருவர், வேறொருவர் வீட்டில் இறந்துபோனார் என்ற வலி அது.

இன்னொரு செய்தியும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'லைஃப்' வார இதழ் இந்தப் படங்களை 1945 மே 14ஆம் தேதியிட்ட இதழில், சிப்பாயின் முகத்தை மறைத்து வெளியிட்டது. முகம் மறைந்திருந்தும், சட்டைக் கழுத்துப்பட்டையில் அவர் குத்தியிருந்த தம் பெயரின் முதலெழுத்துகள் கொண்ட சிறு ஊசியைப் பார்த்தே குடும்பத்தார் அடையாளம் கண்டுகொண்டார்கள். லைப்சிக் வீட்டுக்குள் சிப்பாய்களாக நுழைந்த போர், ராச்செஸ்டர் வீட்டுக்குள் அச்சடித்த தாளாக நுழைந்தது. "அந்தச் சிப்பாய்க்கும் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டிலும் ஒரு அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்திருப்பார்" என்று மகனிடம் சொல்லுங்கள். அவனுடைய "பாவம்மா"வும் உங்கள் கேள்வியும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.

படமெடுத்தவரும் வீடிழந்தவரே. புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பத்தில் 1913இல் பிறந்தவர் காப்பா. இயற்பெயர் எண்ட்ரே ஃப்ரீட்மன். பதினேழு பதினெட்டு வயதில் ஹங்கேரியை விட்டு பெர்லின் சென்றார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அங்கிருந்தும் வெளியேற வேண்டியதாயிற்று. தம்மைத் துரத்திய நாட்டின் ஒரு வீட்டுக்குள், வென்ற படையோடு, கேமராவுடன் அவர் நின்றார். அப்போது அவர் கோணம் சிப்பாய்களின் பக்கம் இருந்தது இயல்பே. அவர் சிப்பாயைத்தான் படமெடுத்தார். அந்தக் குடும்பத்தின் தரை தானாக வந்து படத்தில் அமர்ந்துகொண்டது.

கேள்வி: இத்தகைய படங்களைப் பார்த்து வீட்டுக்காரர்களுக்காக இரங்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அவர்கள் ஹிட்லருக்குக் கை தூக்கியவர்கள். இவர்களுடைய படை எத்தனை நாடுகளில் எத்தனை வீடுகளை எரித்தது? வென்றவர்கள் உள்ளே வந்தால் அது நீதிதானே?
– வாசகர், சேலம்

பதில்: எரித்தார்கள் என்பதில் ஐயமில்லை. பெலாரூஸில் கத்தீன் என்னும் சிற்றூரில் 1943 மார்ச் 22 அன்று ஊர் மக்களை ஒரு களஞ்சியத்தில் அடைத்துத் தீயிட்டார்கள். இறந்தவர்கள் 149 பேர், அவர்களில் 75 பேர் குழந்தைகள். இன்று அங்கே சென்றால் வீடுகள் இல்லை. எரிந்துபோன 26 வீடுகளும் இருந்த இடங்களில், வீட்டுக்கு ஒன்றாக, புகைபோக்கியின் வடிவில் 26 கல்தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு மணி. மர வீடு எரிந்தால் கடைசியாக எஞ்சுவது செங்கல் புகைபோக்கிதான் என்பதை அறிந்தவர்கள் எழுப்பிய நினைவிடம் அது. இதை அறிந்த ஒருவர் ஜெர்மானிய வீட்டைப் பார்த்து உடனே இரங்க மறுத்தால், அந்தச் சினத்தை நான் மதிக்கிறேன்.

இப்போது சோவியத் ஒளிப்படக்காரர் திமித்ரி பல்தெர்மான்ஸ் எடுத்த ஒரு படத்தைப் பற்றிக் கேளுங்கள். 'சாய்கோவ்ஸ்கி' என்பது அதன் பெயர். 1945, அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரம். சிதைந்த ஒரு வீட்டில் பியானோ மட்டும் தப்பியிருக்கிறது. ஒரு சோவியத் வீரர் வாசிக்கிறார், தோழர்கள் சூழ்ந்து கேட்கிறார்கள். கத்தீன் போன்ற ஊர்களின் வழியாக நடந்து வந்த படை அது என்பதை நினைத்தால், அவர்கள் அந்தப் பியானோவை உடைக்காமல் வாசித்தது நெஞ்சை நெகிழச் செய்கிறது. நானும் பல முறை நெகிழ்ந்திருக்கிறேன்.

ஆனால் பியானோ யாருடையது? அந்த ஆண்டு ஜனவரியில், பெண்களும் குழந்தைகளும் நகரை விட்டு நடந்தே வெளியேற வேண்டும் என்று பிரெஸ்லாவின் நாஜித் தலைவர் கார்ல் ஹாங்கே உத்தரவிட்டார். கொடும்பனி. கைக்குழந்தைகளோடு நடந்தவர்களில் பலர் வழியிலேயே விறைத்து இறந்தார்கள். பிப்ரவரியிலிருந்து மே 6 வரை முற்றுகை நீடித்தது. போருக்குப் பின் நகரம் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் ஆனது. எஞ்சியிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சோவியத் ஒன்றியத்திடம் போன கிழக்குப் பகுதிகளில் தங்கள் வீடுகளை இழந்து வந்த போலந்துக் குடும்பங்கள் அந்த வீடுகளில் குடியேறின. இதில் எந்தக் குடும்பத்தின் வீட்டைப் பறித்தது நீதி, எதனுடையது அநீதி என்று பிரிக்க உட்கார்ந்தால், ஹாங்கேயின் உத்தரவையும் கைக்குழந்தையின் கையுறையையும் ஒரே தட்டில் போட வேண்டியிருக்கும். அதை என்னால் செய்ய முடியவில்லை.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பியானோப் படம் உண்மை. அதே மாதங்களில் அதே போன்ற வீடுகளுக்குள் பெண்கள்மீது சோவியத் வீரர்கள் பெருமளவில் நிகழ்த்திய வன்கொடுமைகளும் உண்மை. முன்னதற்கு அழகான படம் இருக்கிறது. பின்னதை அந்தப் பெண்களின் நினைவுகளில்தான் தேட வேண்டும். வென்றவர்கள் உள்ளே வந்தது நீதியா என்று கேட்கும்போது, உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றவர்களிடமும் அதைக் கேட்டாக வேண்டும், ஐயா.

கேள்வி: சிப்பாய்கள் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் நிற்கும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. எந்தப் போர், எந்த நாடு என்ற விவரம் இல்லை. பார்த்ததும் கோபம் வந்து பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பியது தவறா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கோபம் தவறில்லை, தம்பி. விவரம் தெரியாமல் அனுப்பியது தவறு. படத்துக்குக் கீழே இருக்கும் ஒரு வரி பொய்யானால் யாருக்கு என்ன ஆகும் என்பதற்கு, சற்றுமுன் சொன்ன பல்தெர்மான்ஸே சான்று. அவர் எடுத்த போர்ப் படம் ஒன்று நாளிதழில் தவறான விளக்கத்தோடு வெளியானது. பழி அவர் தலையில் விழுந்து, தண்டனைப் படைப்பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே படுகாயமடைந்து காலை இழக்கும் நிலைக்கு வந்து தப்பினார்.

இன்னும் பெரிய எடுத்துக்காட்டு 1995இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் தொடங்கிய கண்காட்சி. கிழக்குப் போர்முனையில் ஜெர்மானியப் படை செய்த குற்றங்களைக் காட்டிய அந்தக் கண்காட்சியில், சாதாரணச் சிப்பாய்களே எடுத்துத் தங்கள் ஆல்பங்களில் வைத்திருந்த படங்கள் பல இருந்தன. "எங்கள் அப்பா அப்படிப்பட்டவர் அல்லர்" என்று நாடே கொந்தளித்தது. பின்னர் வரலாற்றாசிரியர்கள் சிலர், சில படங்களில் இறந்து கிடப்பவர்கள் சோவியத் ரகசியப் போலீசாரால் கொல்லப்பட்டவர்கள் என்று காட்டியபோது, 1999இல் கண்காட்சியை நிறுத்த வேண்டியதாயிற்று. நிபுணர் குழு ஆராய்ந்து, சுமார் 1,400 படங்களில் 20க்கும் குறைவானவையே கண்காட்சிக்குப் பொருந்தாதவை என்று சொன்னது. அந்தச் சில படங்களின் பிழை போதுமானதாக இருந்தது, மறுக்க விரும்பியவர்கள் எல்லாவற்றையும் மறுப்பதற்கு. நீங்கள் விவரமின்றி அனுப்பும் படமும், உண்மையாகவே வீடிழந்த ஒருவரின் சாட்சியத்தை நாளை இப்படிப் பலவீனப்படுத்தக்கூடும்.

படம் வந்தால் முதலில், எடுத்தவர் யார் என்று பாருங்கள். வீட்டுக்காரர் எடுத்ததா, செய்தியாளர் எடுத்ததா, சிப்பாய் தானே எடுத்ததா என்பதைப் பொறுத்து ஒரே அறை வேறு வேறு பொருள் தருகிறது. காஸாவில் மக்கள் விட்டு ஓடிய வீடுகளில், பெண்களின் உள்ளாடைகளைக் கையில் பிடித்துச் சிரித்தபடி இஸ்ரேலியச் சிப்பாய்கள் சிலர் தாங்களே எடுத்துச் சமூக ஊடகங்களில் போட்ட படங்களை, 2024 மார்ச்சில் ராய்ட்டர்ஸ் சரிபார்த்துச் செய்தியாக்கியது. விதிகளுக்கு மாறான செயல்களை விசாரிப்பதாக அந்த ராணுவம் சொன்னது. அங்கே சிப்பாய் எதிரியைத் தேடி அலமாரியைத் திறக்கவில்லை. ஒரு பெண் வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று மடித்து உள்ளே வைத்ததை உலகுக்குக் காட்டுவதற்காகவே திறந்தார். அந்தப் படத்தை, கண்டிப்பதற்காகவே ஆனாலும், நாமும் பரப்பினால் அந்த அலமாரி இன்னொரு முறை திறக்கப்படுகிறது. செய்தியை எழுத்தில் பகிருங்கள். படத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: போரில் படைகள் மக்களின் வீட்டுக்குள் நுழையச் சட்டம் அனுமதிக்கிறதா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: சண்டையின் தேவைக்காக நுழைவதை முழுமையாகத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், ஆக்கிரமித்த பகுதியில் குடும்பத்தின் மானம், மக்களின் உயிர், தனியார் சொத்து ஆகியவற்றை மதிக்க வேண்டும் என்கின்றன. கொள்ளை அறவே கூடாது. ராணுவத் தேவை முற்றிலும் கட்டாயப்படுத்தினாலன்றிச் சொத்தை அழிக்கக் கூடாது என்று 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. பௌமனின் நாட்டிலேயே, அமைதிக் காலத்தில் உரிமையாளரின் சம்மதமின்றி எந்த வீட்டிலும் சிப்பாயைத் தங்கவைக்கக் கூடாது என்பது 1791 முதல் அரசியல் சட்டத்தின் மூன்றாவது திருத்தமாக இருக்கிறது. வீட்டுக்குள் சிப்பாய் நிற்பது எப்படிப்பட்டது என்பதை அறிந்த தலைமுறை எழுதிய சட்டம் அது.

கேள்வி: மேலே சொன்ன லைப்சிக் வீடு இன்றும் இருக்கிறதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இருக்கிறது. 1945 ஜூலையில் அமெரிக்கர்கள் விலகி, நகரம் சோவியத் வசம் போனது. பிற்காலத்தில் அந்தக் கட்டடம் ஆளில்லாமல் பாழடைந்தது, நடுவில் ஒருமுறை தீப்பிடித்தும் எரிந்தது. இடிபட இருந்த அதை நகர மக்கள் சிலர் குரல் கொடுத்துக் காப்பாற்றினார்கள். புதுப்பித்த பிறகு, 2016இல் தரைத்தளத்தில் ஒரு நினைவறை திறந்தார்கள். கட்டடத்துக்குப் படமெடுத்த காப்பாவின் பெயர், ஒட்டிய தெருவுக்கு இறந்த பௌமனின் பெயர். மேல்தளங்களில் இப்போது மீண்டும் குடும்பங்கள் வசிக்கின்றன.