சளி, இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையா? குழந்தை மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், பையனுக்கு 3 வயது. முதல் நாள் மூக்கில் தண்ணியாக ஒழுகியது, இன்று நான்காம் நாள், பச்சையாக வருகிறது. பச்சைச் சளி என்றால் ஆன்டிபயாட்டிக் கட்டாயம் என்கிறார் மாமியார்.

பதில்: அந்தப் பச்சை கிருமியின் நிறம் இல்லை அம்மா. கிருமியை எதிர்க்க வந்த வெள்ளணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். சாதாரண வைரஸ் சளியிலும் இரண்டு மூன்று நாளில் இப்படி மாறும். வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. பையன் விளையாடுகிறானா, தண்ணீர் குடிக்கிறானா, ஒழுங்காக ஒன்றுக்குப் போகிறானா என்று பாருங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர் சொட்டு மருந்து போதும். 10 நாளாகியும் குறையாவிட்டாலோ, இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறினாலோ கூட்டி வாருங்கள்.

கேள்வி: போன தடவை அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டேன், இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. அதனால் இந்தத் தடவை நானே மெடிக்கலில் வாங்கிவிட்டேன். தப்பா சார்?

பதில்: தப்புதான். எந்த நாளில் ஆரம்பித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பொறுத்துப் பார்த்து மூன்றாம் நாள்தான் பலரும் மாத்திரை போடுகிறார்கள். வைரஸ் காய்ச்சல் தானாக இறங்குவதும் அப்போதுதான். நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. அசித்ரோமைசின், டைபாய்டுக்கு வாய்வழியாகக் கொடுக்க, கிருமிகள் இன்னும் முழுதாகப் பழகிப்போகாமல் நம்மிடம் மிஞ்சியிருக்கும் சில மருந்துகளில் ஒன்று. அதைத் தும்மலுக்குச் செலவழிப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

கேள்வி: பிரிட்ஜில் பாதி ஆன்டிபயாட்டிக் சிரப் இருக்கிறது. தங்கைக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் சிரப் என்றால், தண்ணீர் ஊற்றிக் கலக்கிய 7 நாளில் அதன் ஆயுள் முடிந்தது.

கேள்வி: அப்படியானால் எப்போதுதான் பயப்பட வேண்டும்?

பதில்: குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே ஆன்டிபயாட்டிக் உயிரைக் காப்பாற்றும். அப்புறம், இருமலே இல்லாமல் கடும் தொண்டை வலி, காய்ச்சல், டான்சிலில் வெள்ளைச் சீழ், கழுத்தில் நெறிக்கட்டி எல்லாம் சேர்ந்து வந்தாலும் காட்டுங்கள். அது பாக்டீரியாவாக இருக்கலாம்.

கேள்வி: எழுதித் தருவதே டாக்டர்கள்தானே?

பதில்: ஆமாம், நானும் எழுதியிருக்கிறேன். இரவு 9 மணி, வெளியே 30 பேர். 'இது வைரஸ், தானாகப் போகும்' என்று புரியவைக்க 5 நிமிடம் வேண்டும், மருந்து எழுத 5 நொடி போதும். அது நியாயம் இல்லை. இப்போது எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதித் தருகிறேன். 'ஆன்டிபயாட்டிக் இல்லாமல் 2 நாள் பார்க்கலாமா டாக்டர்?' என்று நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 42 வயது. 3 வாரமாக இருமல், லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் போடலாமா?

பதில்: போடாதீர்கள். வைரஸ் இருமலே 3 வாரம் இழுக்கும், சரி. ஆனால் நம் ஊரில் 2 வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இந்த மாத்திரை காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கிவைத்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். நாளைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளிப் பரிசோதனை கேளுங்கள், இலவசம்தான்.