மூடித் திறந்ததும் ஸ்கிரீன்ல விரிசல், வாரண்டி இல்லங்கிறாங்களா?

நண்பா, ராத்திரி மூடி வச்ச லேப்டாப்பை காலைல திறந்தா ஸ்கிரீன்ல விரிசல், சர்வீஸ் சென்டர்ல பிசிக்கல் டேமேஜ்னு கைவிரிச்சுட்டாங்கன்னு போட்டிருக்கீங்க, படிக்கவே கஷ்டமா இருக்கு. அவசரப்பட்டு காசு கட்டி பேனலை மாத்திடாதீங்க, ஆதாரமே போயிடும். ஸ்கிரீனை ஆஃப் பண்ணிட்டு டார்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, ஒரு புள்ளியில இருந்து சிலந்தி வலை மாதிரி பரவியிருந்தா ஏதோ அழுத்தியிருக்கு (கீபோர்டு மேல கிடந்த இயர்போனே போதும்), அப்போ வாதாடுறது சிரமம்தான். அப்படிப் புள்ளியே இல்லாம கீல் ஓரத்துல இருந்து கிளம்பியிருந்தா கீல் டைட்டாகி இழுத்திருக்கலாம், அதைக் கிட்டக்க போட்டோ எடுங்க, மறுத்த காரணத்தை ஜாப் ஷீட்ல (சர்வீஸ் சென்டர்ல தர்ற ரிப்பேர் சீட்டு) எழுதி வாங்குங்க. கம்பெனிக்கு மெயில் போட்டும் மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு கூப்பிடுங்க, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா புகார் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல, ஆனா 2 வருஷத்துக்குள்ள போடணும்.