கருவி ஒன்று, பழக்கம் ஏன் வேறு வேறு?

கைபேசியும் குறுஞ்செய்தியும் எல்லா நாட்டு இளைஞர்களையும் ஒரே மாதிரி மாற்றினவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கருவி ஒன்றுதான், ஆனால் எதற்கு எவ்வளவு காசு என்பதுதான் பழக்கத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தது என்பேன்.

பிலிப்பைன்ஸில் அப்போது பேசினால் செலவு, எஸ்எம்எஸ் மலிவு. அதனால் காதல், அரட்டை, அரசியல் எல்லாமே கட்டைவிரலில் நடந்தன. 2001 ஜனவரியில் அதிபர் எஸ்ட்ராடாவை எதிர்த்து மணிலாவின் எட்சா சாலையில் கூட்டம் திரண்டபோது, 'கறுப்பு உடையில் வா' என்ற செய்தி கைக்குக் கை பறந்தது. அமெரிக்காவில் கதை தலைகீழ். அப்போது பேச்சு மலிவு, வந்த செய்திக்கும் பெறுபவர் காசு கட்ட வேண்டியிருந்தது! அங்கே இளசுகள் எஸ்எம்எஸ் பக்கம் வந்ததே தாமதமாகத்தான்.

எனக்குப் பிடித்தது ஜப்பான். கைபேசி பரவுவதற்கு முன்பே, 1990களில், பள்ளி மாணவிகள் பேஜரில், அதாவது சிறு செய்தியை மட்டும் காட்டும் குட்டிக் கருவியில், எண்களை வைத்தே பேசிக்கொண்டார்கள். 0840 என்று வந்தால் 'ஒஹாயோ', அதாவது காலை வணக்கம். எண்களின் ஒலியைச் சேர்த்துப் படிக்கும் வித்தை. ரயிலில் போனில் பேசுவது அங்கே அநாகரிகம் என்பதால், பின்னர் கைபேசி வந்தபோதும் தட்டச்சுதான் ஜெயித்தது. 1999இல் அங்கே ஐ-மோட் என்ற கைபேசி இணையச் சேவைக்காக வரைந்த 176 குட்டிப் படங்கள்தான் இன்றைய இமோஜிகளுக்கு முன்னோடி.

காசே இல்லாவிட்டால்? பல ஆப்பிரிக்க நாடுகளில் மிஸ்டு காலே ஒரு மொழி: ஒரு ரிங் விட்டால் 'வந்துட்டேன்', இரண்டு விட்டால் 'நீ கூப்பிடு' என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் எழுத்து. அரபு எழுத்து வராத பழைய போன்களில் அரபு இளைஞர்கள் ரோமன் எழுத்தில் தட்டினார்கள். அதில் இல்லாத ஒலிகளுக்கு 3, 7 என்று எண்களைச் செருகினார்கள். போன்கள் மாறியும் அந்த எழுத்துமுறை இன்னும் போகவில்லை.