சூடான கல் மசாஜும் ஒன்பது வருடச் சீனி வருத்தமும்

கேள்வி: எனக்கு 47 வயது. உப்புவெளியில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். பிடரியில் தொடங்கி வலது தோள்மூட்டு வரை இறுகிப்போய்க் கிடக்கிறது. கனடாவிலிருந்து லீவில் வந்த மகள், கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சூடான கல் மசாஜுக்கு எனக்கும் சேர்த்துப் பதிந்துவிட்டாள். "அந்தக் காசுக்குக் கன்னியா சுடுதண்ணீர்க் கிணற்றடிக்குப் போய் நாலு வாளி ஊற்றிக்கொண்டு வா" என்கிறார் அம்மா. ஒன்பது வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறேன். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் மகள் உங்கள் கால்விரல்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தோள் நோவுக்கும் கால்விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இந்த மசாஜுக்கு எடுப்பது பெரும்பாலும் பசால்ட் என்னும் எரிமலைக் கல். நெருக்கமான, பாரமான கல் என்பதால் சூட்டைப் பிடித்து வைத்திருந்து மெல்ல விடும். அதைச் சுடுதண்ணீரில் போட்டு ஏறக்குறைய 50 முதல் 55 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். எண்ணெய் பூசிய உடம்பில் கையும் கல்லுமாக இழுப்பார்கள். சில இடங்களில் கல்லை அப்படியே வைத்தும் விடுவார்கள். விளம்பரப் பலகையில் "பண்டைய முறை" என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போங்கள். கல்லைச் சுட வைத்து ஒத்தணம் பிடிப்பது பழசுதான். ஆனால் இன்று ஹோட்டல்களில் நடக்கும் இந்த முறை, 1993-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் மேரி நெல்சன் என்ற மசாஜ்காரர் தொடங்கி வைத்தது.

பலன் உண்டா? உண்டு, அளவோடு. சூடு பட்டால் அந்த இடத்துக்கு இரத்தம் கூடுதலாக ஓடும், தசை இளகும், நோவு உணர்வும் கொஞ்சம் மங்கும். 2017-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி வெளியிட்ட நாரி நோ வழிகாட்டியே, புதிதாக வந்த நோவுக்கு மருந்துக்கு முன்னால் சூட்டையும் மசாஜையும் முயன்று பார்க்கச் சொல்கிறது. பிடரிக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல், ஃபோன் அடிக்காமல் படுத்திருப்பதும் சேர்ந்து வேலை செய்யும். அந்த இளைப்பாறல் நாளைக்கும் இருக்கலாம், மறுநாளும் இருக்கலாம். "நச்சு வெளியேறும்" என்றால் நம்ப வேண்டாம். அந்த வேலைக்கு ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

இப்போது கால்விரலுக்கு வருவோம். 60 பாகைச் சூடு தோலில் ஐந்து வினாடி நின்றாலே ஆழமாகச் சுட்டுவிடும். 44 பாகை என்றால் மணிக்கணக்காகும். 50 பாகைக்கு மேல் உள்ள கல் நம்மைச் சுடாததற்குக் காரணம், அது ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது. நின்றால் "ஐயோ, சுடுது" என்று நாம் சொல்லிவிடுவோம். சீனி வருத்தம் பல வருடம் இருந்தால் நரம்பு மரத்துப்போய், அந்த "ஐயோ" வராமலே போகலாம். என்னிடம் ஒருவர் வந்தார். கெண்டைக்காலில் முட்டை வடிவில் ஒரு கொப்புளம், கல்லின் விளிம்பு வரைந்து வைத்ததுபோல. "சுட்டதா?" என்று கேட்டேன். "இல்லை டொக்டர், நல்ல நித்திரை" என்றார். ஆற ஏழு வாரம் எடுத்தது.

ஆகவே இன்று இரவு கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் படுங்கள். மகள் தன் சுட்டுவிரல் நுனியால் உங்கள் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஒரு வினாடி தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, ஓரிடத்தை இரண்டாம் முறை தொடவும் கூடாது. தொடும்போதெல்லாம் "வலது", "இடது" என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் கல் வேண்டாம், வெறும் கையால் மசாஜ் போதும். அடுத்த கிளினிக் நாளில் காலைக் காட்டுங்கள். ஆறும் தெரிந்தால் போங்கள். போனாலும் முழங்காலுக்குக் கீழே கல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் கல்லை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே முதுகுக்குக் கொண்டுபோக விடுங்கள். கல்லை மைக்ரோவேவில் சூடாக்குகிறார்கள் என்றால் எழும்பி வந்துவிடலாம். அது ஒரு பக்கம் ஆறியும் ஒரு பக்கம் கொதித்தும் இருக்கும்.

இன்சுலின் போடுகிறவர்கள் ஊசி போட்ட இடத்தில் சூடு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டுச் சீனி திடீரென இறங்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், காலில் இரத்தக்கட்டி வந்தவர்கள், கர்ப்பிணிகள், நிலாவெளி வெயிலில் அன்றைக்கே தோல் கருகினவர்கள் இதைத் தவிர்க்கட்டும். பிரஷர் குளிசை போடுபவர்கள் மேசையிலிருந்து சடாரென்று எழும்பக் கூடாது, தலை சுற்றும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது "வலது தோள்மூட்டு" என்ற சொல். வலது கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டைக் கொக்கியைப் பூட்ட முடிகிறதா? தலைமுடியைக் கட்ட முடிகிறதா? முடியவில்லை என்றால் அது தசை இறுக்கம் மட்டுமாக இராது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறையே தடித்து இறுகியிருக்கலாம். சீனி வருத்தக்காரருக்கு அது மற்றவர்களை விட அதிகம் வரும். கல்லால் அது இளகாது, பிசியோதெரபி வேண்டும். அதேபோல் நடக்கும்போது, படி ஏறும்போது தோளிலோ தாடையிலோ நோ வந்து, நின்றால் விடுகிறது என்றால் ஹோட்டலும் வேண்டாம், பிசியோவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.

அம்மா சொல்வதையும் தள்ளிவிட முடியாது. கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் தண்ணீர் உடம்புச் சூட்டை ஒட்டித்தான் இருக்கும். ஊற்றிக்கொள்ளச் சுகம், சுடாது. ஆனால் பிடரியில் நிற்காமல் ஓடிவிடும். நிற்கிற சூடு வேண்டுமென்றால் சுடுதண்ணீர்ப் பையைத் துவாயில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள், நித்திரை கொள்ளப் போகும்போது அல்ல. தையல் மெஷினுக்கு முன்னால் உள்ள கதிரையையும் ஒருமுறை பாருங்கள். துணியைப் பார்க்கக் கழுத்தை மடக்க வேண்டியிருந்தால் மெஷினுக்கு அடியில் இரண்டு பலகை வைத்து உயர்த்துங்கள். அதைச் செய்யாமல் மாதம் ஒரு மசாஜுக்குப் போனாலும் அடுத்த பிளவுஸ் முடிவதற்குள் பிடரி பழையபடி இறுகிவிடும்.